சரக்கு இறக்காத துறைமுகம்

மொனாக்கோவில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். அதைப் பற்றி ஒரு பயணக் கட்டுரையும் எழுதினேன். அது மோசமான கட்டுரை. ஏன் மோசம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைப் பாராட்டி வாட்ஸ்அப்பில் பூங்கொத்து அனுப்பிய நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

2023இல் வேலை விஷயமாக நீஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அங்கிருந்து மொனாக்கோ ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. இறங்கினால் நிலையமே பாறையைக் குடைந்து கட்டியது. வெளியே வந்தால் கீழே எர்க்குல் துறைமுகம், வெள்ளை வெள்ளையாகப் படகுகள். படகு என்கிறேன், ஒவ்வொன்றும் எங்கள் தாமான் வீடமைப்பில் ஒரு வரிசை வீடு அளவுக்கு இருந்தது. மொத்த நாடே இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, 1910இல் திறந்த கடலியல் அருங்காட்சியகம், அரண்மனை, கசினோ, கார் பந்தயம் ஓடும் வளைவு எல்லாவற்றையும் பார்த்து, சாயங்காலம் ஐந்துக்குள் முடித்துவிட்டேன். மதியச் சாப்பாடு நீஸில் வாங்கி வந்த ரொட்டி. அங்கே ஒரு கோப்பிக்குக் கேட்ட விலையில் கிள்ளானில் இரண்டு பேர் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடலாம்.

என் கட்டுரையில் இதெல்லாம் இல்லை. ரொட்டி இல்லை, விலை இல்லை. 'கடலும் செல்வமும் கைகோர்த்த நகரம்' என்று ஒரு வரி இருந்தது. நடப்பவர்களுக்காக வண்டிகள் தாமாக நின்றதைப் பற்றி இரண்டு பத்தி. 'நம் ஊர் என்று இப்படி ஆகும்' என்ற பெருமூச்சு. கடைசியில் சூரிய அஸ்தமனம். வெட்கமாக இருக்கிறது.

அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, அதை முழுதாகப் படித்தார். முப்பத்தைந்து வருடம் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்த மனுஷர். படித்து முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா எழுதியிருக்க. ஆனா அங்க சரக்கெல்லாம் எங்க எறக்குறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு துறைமுகத்தின் கரையில் எட்டு மணி நேரம் இருந்திருக்கிறேன். சரக்கு எங்கே இறங்குகிறது என்று கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த நகரத்துக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பையும் செருப்பும் வாசனைத் தைலமும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மார்சேயிலோ ஜெனோவாவிலோ ராட்டர்டாமிலோ யாரோ இறக்கி, யாரோ லோரி ஓட்டி வந்தவை. லார்வோட்டோ பக்கம் கடலைத் தூர்த்து ஆறு ஹெக்டேர் நிலம் உண்டாக்கி, அதில் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பாரந்தூக்கிகள் படத்தில் விழாதபடி கோணம் மாற்றி மாற்றிப் படம் எடுத்தேன். ஒரு துறைமுகக் கூலியின் மகள் செய்த வேலை இது.

என் குற்றம் மட்டும் என்றால் அதோடு விட்டிருப்பேன். தமிழில் இன்று வரும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை என் கட்டுரையின் அண்ணன் தம்பிகள். விமான நிலையம், குளிர், சுத்தமான வீதி, நேரம் தவறாத ரயில், ஒரு தேவாலயம், ஒரு துறைமுகம், ஒரு பெருமூச்சு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஏ.கே. செட்டியார் கப்பலேறி நாடு நாடாக அலைந்தபோது அவருக்கு ஒரு காரியம் இருந்தது. காந்தி பற்றிய படத்துண்டுகளைத் தேடிப் போனார், 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். பிறகு மணியன் விகடனில் எழுதியபோது வாசகர்களில் பெரும்பாலோர் விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்தவர்கள். போக முடியாதவர்களுக்காக ஒருவர் போய் வந்து சொன்னார், அதுவும் நியாயம்தான். இன்று மலிவு விமானத்தில் எல்லாரும் போகிறோம், எல்லாரும் படம் போடுகிறோம். போய் வந்ததைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லாதபோது கட்டுரை சான்றிதழாகிவிடுகிறது. அதற்கு இலக்கிய இதழில் இடம் எதற்கு?

இதை ஒரு சந்திப்பில் சொன்னேன். நண்பர் ஒருவர் சிரித்தார். "சரி லா, நம்ம ஊர்ல நடந்து பாக்க என்ன இருக்கு? கிள்ளான்னா வாழை இலை, தீபாவளித் துணி, சீனன் கடையில பாக் குட் தே. அரை நாள்ல முடிஞ்சிரும்."

நடந்துதான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தெலுக்கிலிருந்து கிள்ளானுக்கு அப்பா மோட்டாரில் கொண்டுவந்து விட்டார். ரயில் நிலையத்தில் தொடங்கி துறைமுகம் வரை, எட்டு ஒன்பது கிலோமீட்டர். மொனாக்கோவில் நடந்ததைவிடக் குறைவுதான்.

நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி கெடோங் ராஜா அப்துல்லா. 1850களில் கட்டிய கிடங்கு. உள்நாட்டு ஈயமும் சுரங்கக்காரர்களுக்கான சாப்பாட்டுச் சாமானும் வைக்கக் கட்டியது. இந்த ஆற்று வழி வருமானத்துக்காகத்தான் ராஜா மஹாதியும் ராஜா அப்துல்லாவும் மோதிக்கொண்டார்கள். 1867இல் தொடங்கிய சண்டை ஏழு வருடம் ஓடியது, முடிவில் வெள்ளைக்காரன் உள்ளே வந்து உட்கார்ந்தான். பக்கத்திலேயே அப்பா கேள்விக்கான பதில் நிற்கிறது என்று தோன்றியது. கிள்ளான் சரக்கு இறங்கும் இடமாகத்தான் ஊரானது, அரண்மனையெல்லாம் அப்புறம். கொஞ்சம் தள்ளி அப்பக் கட்டிய 1909ஆம் வருடத்து வெள்ளைக் கட்டடம் இருக்கிறது, இப்போது சுல்தான் காட்சியகம். அழகானது. அதற்கு ஏற்கெனவே நிறைய பேர் படம் எடுத்திருக்கிறார்கள், நான் வேறு எதற்கு.

தெங்கு கெலானா சாலையில் மாலைக் கடைகள் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து கோத்தா பாலம். இரண்டு தளப் பாலம் அது. மேலே வண்டிக்கு, கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று கட்டியது. 1960களின் தொடக்கத்தில் திறந்தபோது கிள்ளான் ஆற்றை நடந்து கடக்கிறவன் ஒருவன் இருப்பான், அவனுக்கும் தனியாக ஒரு தளம் வேண்டும் என்று யாரோ ஒரு பொறியாளர் நினைத்திருக்கிறார். அதன் கீழ்த்தளத்தில் போய்த் திரும்பி வந்தேன். ஆறு பழுப்பு நிறத்தில் ஓடியது. எனக்கு மொனாக்கோவின் பொது மின்தூக்கிகள் நினைவுக்கு வந்தன. மலைச்சரிவில் ஏறிப் போக யாரும் காசு கேட்கவில்லை, மளிகைப் பையோடு ஒரு கிழவி என்னுடன் ஏறினாள். அது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடப்பவரை மதிப்பது ஐரோப்பாக்காரன் கண்டுபிடிப்பு என்று என் கட்டுரை சொன்னது. நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் பாலத்தைப் பார்க்காமல் சொன்னது.

பாலத்தைத் தாண்டி, துறைமுகச் சடக்கில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. நடைபாதை இருக்கும், திடீரென்று காணாமல் போகும். அப்புறம் புல், அப்புறம் சாக்கடை மூடி, அப்புறம் ஒரு கடைக்காரர் நிறுத்திய காடி. பக்கத்தில் லோரிகள். ஒவ்வொரு லோரி போகும்போதும் சட்டை முதுகில் ஒட்டும். மோட்டாரில் போன ஓர் அண்ணன் வேகத்தைக் குறைத்து, "ஏன் தங்கச்சி, மோட்டார் கெட்டுப் போச்சா?" என்றார்.

"இல்லண்ணே, சும்மா நடக்குறேன்."

"சும்மாவா?"

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாத்து போ" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் கேள்வி நியாயமானது. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரம் ஆனது. மாநகரத்தில் ஒருத்தி நடந்தால் வண்டி கெட்டுப் போயிருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறார்கள்.

சும்மா நடக்காத சிலரும் இருந்தார்கள். வழி நெடுக என்னைப் போலவே நடந்தவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும். ஞாயிறு விடுமுறை, மூன்று பேர் நான்கு பேராக, பிளாஸ்டிக் பையில் சாமானோடு. ஒருவர் என்னிடம் மலாயில் பணம் அனுப்பும் கடை எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என்னைவிட இந்த ஊர் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தெலுக்கிலும் தொழிற்பேட்டைச் சடக்கில் நடப்பவர்கள் இவர்கள்தான். நம் கதைகளில் இவர்கள் எங்கே? அநேகமாகப் பின்னணியில் நிற்கிற ஆளாக, இல்லையென்றால் திருடனாக.

வழியில் சுந்தரராஜப் பெருமாள் கோயில். நிழலுக்காக உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் சைக்கிள் நினைவுக்கு வந்தது.

1941இல் இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். தமிழ் நேசனில் வேலை பார்த்த பத்திரிகையாளர், அதாவது எழுதுகிறவர், நம்ம ஆள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு, கள்ளுக்கடையை மூடு, அடிக்கிற துரையை மாற்று என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம். அதை நிறுத்து என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை. பட்டாளம் வந்தது, சுட்டது. தொழிலாளிகள் செத்தார்கள்.

இறங்காமல் போக வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. அந்தச் சடக்குகளில் எதில் எங்கே சைக்கிளை நிறுத்தி இறங்கினார்கள் என்று காட்ட நம்மிடம் ஒரு வரைபடம் இல்லை. அந்தத் தெருக்களில் நடந்து ஒரு கட்டுரை எழுதலாமே என்று எனக்கு முப்பத்தொரு வயது வரை தோன்றவில்லை. நீஸ் கடற்கரைச் சாலையை ஆங்கிலேயர் உலாவுவதற்காகப் போட்டார்கள் என்ற வரலாறு மட்டும் எனக்குப் பாடமாகத் தெரிந்திருந்தது.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. இது 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறந்த துறைமுகம். திறந்த இரண்டு மாதத்தில் மலேரியாவில் ஆட்கள் விழுந்து, மூட வேண்டிய நிலை வந்தது. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, கொசுவை ஒழித்து அதைக் காப்பாற்றினார். ரொனால்ட் ராஸ் கொசுவின் குற்றத்தைக் கண்டுபிடித்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. வாட்சன் பெயர் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது, இருக்கட்டும். சேற்றில் இறங்கி அந்த வாய்க்காலை வெட்டியவர்கள் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. 1972இல் துறைமுகத்தின் பெயர் மாறியது. 2023இல் மட்டும் இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பெட்டிகளுக்கு மேல் கையாண்டது. உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. நடந்து போனால் கடலையே பார்க்க முடியாது. வேலி, வேலிக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்கு மேல் பெட்டி. ஒரு வாசலில் கைபேசியை எடுத்தேன், காவலர் வேண்டாம் என்று கைகாட்டினார். மொனாக்கோவில் எந்தப் படகை எவ்வளவு நேரம் படம் எடுத்தாலும் யாரும் தடுக்கவில்லை. படம் எடுக்கத்தானே அவற்றை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள்.

கேத்தாம் தீவுக்குப் படகு போகும் துறையில் போய் நின்றேன். அங்கிருந்து கடல் தெரிந்தது. என் பாட்டி 1937இல் எட்டு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கு வழியாக இங்கேதான் இறங்கினாள். அடுத்த வருடம் இந்திய அரசு கூலி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்திருப்பேன், இல்லை பிறந்தே இருக்கமாட்டேன். எந்தப் படித்துறையில் இறங்கினாள்? எங்கே நிறுத்தி மருந்தடித்தார்கள்? அன்று நான் நடந்த வழியில் அதைச் சொல்லும் ஒரு பலகையையும் பார்க்கவில்லை. மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் ஏறி வந்த பதினாறு கல்படிகள் இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அது தானாக நடக்கவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் அந்தப் படிகளில் நடந்தார்கள், எழுதினார்கள், கேட்டார்கள்.

இங்கே கேட்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. பாக் குட் தே துறைமுகச் சீனக் கூலிகளின் காலைச் சாப்பாடு என்ற கதை எல்லாருக்கும் தெரியும். 2024இல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. எனக்கு அதில் பொறாமை இல்லை, பாராட்டுதான். மூட்டை தூக்கியவனின் கிண்ணத்தை ஒரு சமூகம் மறக்காமல் வைத்திருக்கிறது. நாம் கிள்ளானுக்கு வரும் விருந்தாளியை எங்கே கூட்டிப் போகிறோம்? புடைவைக் கடைக்கு.

இன்னொரு விஷயம், சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். பிரான்ஸிலிருந்து ஆன்ரி ஃபொக்கோனியே என்று ஒருவர் சிலாங்கூருக்கு வந்து ரப்பர்த் தோட்டம் போட்டார். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும், 1917இல் தென்னமரத்தில், அவர் தொடங்கியதுதான். பிறகு 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதினார். 1930இல் கொன்கூர் பரிசு அதற்குத்தான். நம் தாத்தாக்கள் அதில் வருகிறார்கள், துரையின் பார்வையில். அவர் எப்படிப் பார்த்தார் என்பதில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் பார்த்தார். சேறு, மழை, பால்மரம், கூலியின் முகம் என்று நின்று பார்த்தார். நாம் அவர் நாட்டுப் பக்கம் போய் என்ன பார்த்தோம்? வண்டி நிற்பதை.

பயணம் போகாதே என்று நான் சொல்வதாக யாராவது பதில் கட்டுரை எழுதுவார்கள். தாராளமாகப் போங்கள், கடன் வாங்கியாவது போங்கள். போன ஊரில் சரக்கு எங்கே இறங்குகிறது, யார் இறக்குகிறார்கள், ராத்திரி அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று கேளுங்கள். சொந்த ஊரில் அதைக் கேட்காத கண் அங்கே போய்த் திடீரென்று கேட்காது. என் கண் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பதால் என்ன நஷ்டம் என்றால், கேட்பதற்கான இடமே போய்க்கொண்டிருக்கிறது. அ. ரெங்கசாமி தன் நாவலுக்கு 'லங்காட் நதிக்கரை' என்று பெயர் வைத்தார். அந்த நதிக்கரைக்காரி நான். தெலுக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கிடங்காகவும் தொழிற்சாலையாகவும் மாறியதைப் பள்ளிக்கூடப் பேருந்து ஜன்னலில் பார்த்து வளர்ந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கேரித் தீவு. செம்பனை, லயங்கள், தமிழ்ப்பள்ளிகள், சுங்கை பும்பூனில் முகமூடி செதுக்கும் மா மெரி மக்கள். அங்கே புதிய துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடுகிறது. வந்தால் அங்கேயும் வேலி போடுவார்கள். வேலி போட்ட பிறகு நாம் போய் எதை எழுதுவது? ரப்பர்த் தோட்டத்தை அது அழிந்த பிறகு கண்ணீரோடு எழுதினோம். நான் படித்த நம் சிறுகதைகளில் துறைமுகம் வரும் கதைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கொள்கலன் லோரி ஓட்டுகிற அண்ணன்மார் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட இன்னும் எந்தக் கதைக்குள்ளும் ஏறவில்லை. பங்சார் கோப்பிக் கடையில் உட்கார்ந்து தனிமைப்படும் நாயகர்கள் மட்டும் ஏகப்பட்ட பேர்.

சாயங்காலம் ரயிலில் கிள்ளான் திரும்பினேன். நடந்து வந்த தூரத்தை அது கால் மணியில் விழுங்கியது. அப்பா நிலையத்தில் மோட்டாரோடு நின்றிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தெற்குத் துறைமுகத்தை வரைந்து காட்டினார். ரப்பர் சிப்பம் இங்கே, அரிசி மூட்டை இங்கே, கொக்கி மாட்டும்போது அவர் விரல் நசுங்கியது இந்தக் கிடங்கின் மூன்றாவது கதவு. பாட்டி இறங்கிய இடத்தை அவர் சின்ன வயதில் அவளே கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறாள். அதற்கு ஒரு பெருக்கல் குறி போட்டார். இப்போது அங்கே என்ன இருக்கிறது என்றேன். வேலிக்கு உள்ளே, தெரியாது என்றார்.

இந்தக் கட்டுரையையும் அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டு வந்தார். நடுவில் நிமிர்ந்து, "கொண்டெய்னர் வந்தது எழுவத்திமூணுல. வடக்குத் துறைமுகத்துக்கு. அதுக்கப்புறம்தான் ஆளக் கொறச்சானுங்க. அத எழுதலையே?" என்றார்.

சேர்த்துவிட்டேன்.